பேச்சிழப்பு ஆய்வு வரலாற்றில் பகுதியும் முழுமையும்

மனித நடத்தையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உடலில் ஒரு காரணம் காட்டுவது ஒரு நோக்கு. நடத்தை முழு மனிதனுக்கு உரியது, பிரித்தால் அதன் பொருள் கெடும் என்பது மற்றொரு நோக்கு. முன்னதைத் தமிழில் ‘குறைப்புவாதம்’ என்பர். அச்சொல்லிலேயே பழி தொனிப்பதால் இக்கட்டுரை அதனைப் ‘பகுப்பு நோக்கு’ என்றும், பின்னதை ‘முழுமை நோக்கு’ என்றும் வழங்குகிறது. உளவியலில் இவ்விரு நோக்கும் நெடுங்காலம் மோதிய களங்களுள் ஒன்று, மூளைச் சிதைவால் மொழித்திறன் குலையும் பேச்சிழப்பு நிலையாகும். அங்கு எழுந்த வாதம் மூளையைப் பற்றியதாகத் தோன்றினும், மொழியின் அலகு எது என்னும் வினாவே அதன் அடியில் கிடந்தது.

1861 ஏப்ரலில், பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் இறந்தார். அங்கு 21 ஆண்டுகள் இருந்த அவர், எதைக் கேட்டாலும் ‘டான்’ என்னும் ஓரசையை இருமுறை அடுக்கிச் சொல்வார். அறுவை மருத்துவர் போல் புரோக்கா அவரது மூளையின் இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். அதே ஆண்டில் அவர் ஆராய்ந்த இரண்டாமவர், 84 வயதான லெலோங். ஆம், இல்லை, மூன்று, எப்போதும் என்பவற்றுக்குரிய பிரெஞ்சுச் சொற்களும், திரிந்த வடிவில் தம் பெயருமே அவரிடம் எஞ்சியிருந்தன. குழந்தைகள் எத்தனை என வினவியபோது ‘மூன்று’ என்று சொல்லி நான்கு விரல்களைக் காட்டினார். ஆண்மக்கள் எத்தனை என்றதற்கும் ‘மூன்று’ என்றே கூறி இரு விரல்களை உயர்த்தினார். ‘மூன்று’ என்பது எண்கள் அனைத்துக்கும் பொதுச்சொல்லாகிவிட, எண்ணின் மதிப்பை விரல்கள் உரைத்தன. மொழியியலார் பல பக்கங்கள் எழுதத்தக்க இச்செய்தியைப் புரோக்கா கவனமாகப் பதிவுசெய்திருந்தும், பின்வந்தோர் பலர் அப்பதிவிலிருந்து எடுத்துக்கொண்டது மூளையின் இடத்தை மட்டுமே.

1874இல் 26 வயது இளைஞரான கார்ல் வெர்னிக்கே பகுப்பு நோக்குக்கு முறையான வடிவம் தந்தார். உச்சரிப்பு இயக்கத்தின் நினைவுகள் முன்மடலில், சொல்லொலியின் நினைவுகள் பொட்டுமடலில், இரண்டையும் பிணைக்கும் நரம்பு நார்கள் இடையில் என்பது அவர் கொள்கை. நார்கள் மட்டும் அறுபட்டால் எவ்வகைப் பேச்சிழப்பு நேரும் என்பதையும் அவர் முன்கூட்டியே உய்த்துரைத்தார். இந்நோக்கின் வலிமை இதுவே. 1885இல் லிச்ட்ஹைம் வரைந்த விளக்கப்படத்தில் ‘கருத்து மையம்’ ஒன்றும் சேர்ந்தது. ஆனால் அதற்கு மூளையில் தனியிடம் காட்டப்படவில்லை. இம்முறையின் அலகு தனிச்சொல்லே. தொடருக்கு அதில் இடமில்லை.

லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் இவ்விடத்தில்தான் வேறுபட்டார். பேச்சைக் கெடுக்கும் சிதைவின் இடத்தை அறிவது வேறு, பேச்சின் இடத்தை அறிவது வேறு என்றார். பேச்சின் அலகு சொல்லன்று, கூற்று என்பது அவர் துணிபு. லெபோர்ஞும் சினம் மிகுந்தபோது ஒரு வசைத்தொடரைத் தடையின்றிச் சொன்னார். வேண்டும்போது அச்சொற்களை அவரால் ஆள இயலவில்லை. ஜாக்சன் வழியில் நோக்கின், அழிந்தது சொல்லன்று. சொற்களைக் கொண்டு கூற்று அமைக்கும் திறனே.

வெர்னிக்கேயின் மாணவரான குர்ட் கோல்ட்ஸ்டைன், முதல் உலகப்போரில் தலைக்காயமுற்ற படைவீரர்களை ஃபிராங்ஃபர்ட்டில் ஆராய்ந்து முழுமை நோக்கை வளர்த்தார். அவரும் அதெமார் கெல்பும் கண்ட ஒரு நோயாளிக்கு நிறங்களின் பெயர்கள் வரவில்லை. ஒரு நூலிழைக்கு முற்றும் ஒத்த சாயலுடைய இழையை அவர் தேடி எடுப்பார். பல சாயல்களைச் ‘சிவப்பு’ என ஓரினமாகத் தொகுக்கமாட்டார். குன்றியது பெயரன்று, பொதுமைப்படுத்தும் மனநிலை என அவர்கள் முடிவுசெய்தனர். நுட்பமான முடிவே; எனினும் பலவகைக் குறைகளையும் இவ்வொரு மனநிலையின் தேய்வாகவே விளக்கப் புகுந்தால் அதுவும் ஒருவகைக் குறைப்புத்தான். கோல்ட்ஸ்டைன் கோட்பாட்டளவில் மறுத்த வெர்னிக்கே முறையைத் தம் நோயாளர் விவரிப்புகளில் பெரிதும் ஏற்றிருந்ததை நார்மன் கெஷ்விண்ட் 1964இல் எடுத்துக்காட்டினார். முன்னுரைகளில் முழங்கும் பகை, நோயாளியின் படுக்கையருகே தணிந்துவிடுகிறது போலும். லெபோர்ஞ், லெலோங் இருவரின் பேணப்பட்ட மூளைகளையும் காந்த அதிர்வுப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், சிதைவு புரோக்கா குறித்த பகுதியைக் கடந்து ஆழத்து நார்களையும் தாக்கியிருந்ததை 2007இல் வெளியிட்டனர்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சான்றொன்றை மிஷேல் பரதியும் உடனாய்வாளரும் 1982இல் அளித்தனர். மொராக்கோவில் பணிபுரிந்த கன்னியாஸ்திரீ ஒருவர் பிரெஞ்சும் அரபியும் வல்லவர். மூளைக் காயத்திற்குப்பின், சில நாள்களில் ஒரு மொழியே அவருக்குச் சரளமாக வாய்த்தது; மற்றது தானாக வரவில்லை. ஆனால் வாராத அந்த மொழிக்குள் அவரால் நன்கு மொழிபெயர்க்க முடிந்தது. சரளமாகப் பேசிய மொழிக்குள் மொழிபெயர்க்க இயலவில்லை. சொல்மையம் அழிந்தது என்றாலும், பொது ஆற்றல் குன்றியது என்றாலும் இது விளங்காது. மொழி அழியவில்லை, அதனை எட்டும் வழி தற்காலிகமாக அடைபட்டது என்றும், மொழிபெயர்க்கும் திறன் இருமொழி பேசும் திறனினின்று வேறானது என்றும் பரதி கொண்டார்.