மழைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு தறப்பாள்

நக்கிள்ஸ் மலைப் பக்கம் இரண்டு நாள் நடை போவதென்று முடிவெடுத்தபோது எங்களுக்குள் வந்த முதல் சண்டை தறப்பாளைப் பற்றியது. கூடாரம் வேண்டாம், மரத்துக்கு மரம் கட்டும் தொங்கு படுக்கையே போதும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். ஆனால் அதற்கு மேலே எதைக் கட்டுவது? 2.4 மீற்றர் சதுரத் துணியை மூலைவாட்டில் கட்டினால் போதும், 300 கிராமுக்குள் முடிந்துவிடும் என்றது ஒரு பகுதி. 3.4க்கு 3 மீற்றர் நீள்சதுரம்தான் வேண்டும், 550 கிராம் வந்தாலும் பரவாயில்லை என்றது மற்றப் பகுதி.

வித்தியாசம் 250 கிராம். ஒரு குவளைத் தண்ணீரின் பாரம். "அதுக்குப் போய் இவ்வளவு சண்டையா?" எண்டு நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். கேட்டுக்கொண்டு பழைய கதைகளைத் தேடிப் போனால், இந்தச் சண்டைக்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

தொடக்கத்தில் இந்தப் பிரச்சினையே இருக்கவில்லை. 1492இல் கரீபியன் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்த கொலம்பஸின் ஆட்கள், அங்கிருந்த தைனோ மக்கள் பருத்தி நூலில் பின்னிய வலைகளில் உறங்குவதைக் கண்டார்கள். 'ஹமாக்கா' என்ற அவர்களின் சொல்தான் ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கும் போனது. தைனோ மக்கள் அதை வேய்ந்த வீட்டுக்குள் கட்டினார்கள். பிறகு ஐரோப்பிய மாலுமிகள் கப்பலுக்குள் கட்டினார்கள். மேல்தளமே அவர்களுக்குக் கூரை. கன்வஸ் துணிக்குத் தார் பூசி நீர் புகாமல் செய்ததும் கப்பற்காரர்தான். அது எவ்வளவு பாரம் என்று கவலைப்படத் தேவையிருக்கவில்லை, சுமந்தது கப்பல்.

கூரையை மனிதனே முதுகில் சுமக்க வேண்டி வந்தபோதுதான் கணக்குத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில், பசுபிக் தீவுகளின் காடுகளில் போரிட்ட தன் சிப்பாய்களுக்கு அமெரிக்க இராணுவம் ஒரு காட்டுத் தொங்கு படுக்கையைக் கொடுத்தது. படுக்கை, நுளம்பு வலை, மழைக் கூரை மூன்றும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. மழைக்கும் நுளம்புக்கும் அது நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் பாரம் கூட. இரவில் தாக்குதல் நடந்தால் சிப்பைத் திறந்துகொண்டு சட்டென்று வெளியே வருவதும் கஷ்டம். கூரையைத் தனியே கழற்றி வேறெதற்கும் எடுக்கவும் முடியாது.

இதற்கு நேர்மாறான விடையை வியட்நாமின் துருவோங் சோன் மலைக் காடுகளில் பார்க்கலாம். 1959 மே மாதம் வட வியட்நாம் தெற்கை நோக்கி ஒரு இரகசியப் பாதை அமைக்கத் தொடங்கியது. உலகம் அதை ஹோ சி மின் பாதை என்று அறியும். ஆரம்ப ஆண்டுகளில் அதை நடந்து கடக்க மாதக்கணக்கு எடுத்தது. அரிசி, ஆயுதம், உடுப்பு எல்லாம் முதுகில். அந்தப் பாரத்தோடு அவர்கள் விடாமல் கொண்டுபோன சோடி ஒன்று உண்டு: 'தங்', 'வொங்'. வொங் என்றால் தொங்கு படுக்கை. தங் என்றால் அதற்கு மேலே கட்டும் நைலோன் விரிப்பு. இரண்டும் வெவ்வேறு துண்டுகள்.

வெவ்வேறாக இருந்ததில்தான் விசயமே இருக்கிறது. இரவில் தங் கூரை. பகலில் மழை பெய்தால் போர்வை. ஆறு குறுக்கிட்டால் முதுகுப் பையை நைலோன் விரிப்பில் நீர் புகாமல் சுற்றிக் கட்டி, மிதவையாகப் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள். வழியில் யாராவது இறந்துபோனால், காட்டில் சவப்பெட்டிக்கு எங்கே போவது? அதே விரிப்பில் சுற்றிப் புதைத்தார்கள். சில வேளைகளில் பெயரெழுதிய தாளைச் சிறிய பென்சிலின் போத்தலுக்குள் வைத்து உடலோடு புதைத்தார்கள். பல ஆண்டுகளின் பின் எலும்புகளைத் தேடிப்போனவர்களுக்கு அந்தப் போத்தல்கள் உதவின.

அந்தப் பாதையின் மழையும் சாதாரண மழையல்ல. தென்மேற்குப் பருவமழையை இன்னும் நீட்டி, பாதையைச் சேறாக்க வேண்டும் என்று 1967 முதல் 1972 வரை அமெரிக்க விமானங்கள் மேகங்களில் இரசாயனத் துகள்களைத் தூவின. 'ஒப்பரேசன் பொப்பாய்' என்று அதற்குப் பெயர். அது அம்பலமானபின் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான், சுற்றுச்சூழலை மாற்றுவதை ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற ஐ.நா. உடன்படிக்கை 1977இல் கையெழுத்துக்கு வந்தது. மழையையே எதிரி நீட்டப் பார்த்த ஒரு காட்டில், ஒரு நைலோன் துண்டை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பது சின்னக் கேள்வியாக இருந்திருக்காது.

பின்னர் துணிகள் மெலிந்துகொண்டே போயின. 1935இல் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் பிறந்து போரில் பரசூட்டாகப் பறந்த நைலோன், சிலிக்கன் பூச்சோடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 45 கிராம் வரை இறங்கியது. அதிலும் ஒரு குறை: நைலோன் நீரை உறிஞ்சி நீளும். மாலையில் இழுத்துக் கட்டிய கூரை நடுச்சாமத்தில் தொய்ந்து முகத்துக்கு வரும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. 1992 அமெரிக்கக் கிண்ணப் படகோட்டத்தின் பாய்களிலிருந்து பெயர்பெற்ற 'கியூபன் ஃபைபர்' துணியோ சதுர மீற்றருக்கு 17 கிராம்தான். அதில் செய்தால் எங்களின் பெரிய நீள்சதுரம்கூட 200 கிராமைத் தாண்டாது. விலையைப் பார்த்து நாங்கள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

சரி, எங்கட சண்டைக்கு வருவம். இரவல் வாங்கிய இரண்டு துணிகளையும் எங்களில் ஒருத்தியின் வீட்டு முற்றத்தில் மாமரத்துக்கும் வேம்புக்கும் நடுவில் கட்டிப் பார்த்தோம். குழாயால் தண்ணீர் அடித்தோம். நேராக விழும் தண்ணீருக்கு இரண்டுமே போதும். சரித்து அடித்தபோது சின்னத் துணியின் கீழே கால்மாடு நனைந்தது. மூலைவாட்டில் கட்டிய துணி நுனிக்குப் போகப் போக ஒடுங்கும் அல்லவா? நக்கிள்ஸில் மழை காற்றோடு சரிந்துதான் வரும். நனைந்த போர்வை குடிக்கும் தண்ணீர் மட்டுமே 250 கிராமைத் தாண்டிவிடும்.

அப்போது தோழியின் அம்மா வெளியே வந்தார். துணியின் கரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"கயிறு கட்டுற வளையம் ஒரு பக்கத்துக்கு எத்தினை, பிள்ளையள்?"

"அஞ்சு, அன்ரி."

"காணாது. காத்துக்கு முதல்ல கிழியிறது மூலை வளையம்தான். கிழிஞ்சால் ஒரு சின்னக் கல்லைத் துணிக்குள்ள வச்சு, வெளியால சுத்திக் கயிறு கட்டுங்கோ. கழராது."

அவர் அதை எங்கே பழகினார் என்று நாங்கள் கேட்கவில்லை. கிளிநொச்சியில் இருந்து முள்ளிவாய்க்கால் வரை இடத்துக்கிடம் தறப்பாள் கொட்டில் போட்டவர் அவர். தானே சொன்னார்: "பாரமெண்டு தையல் மெசினை விட்டம், அல்பத்தை விட்டம். தறப்பாளை விடேல்லை." நிவாரணமாக வரும் தறப்பாள் 4க்கு 5 மீற்றர் அளவென்றால் 4 கிலோ வரை இருக்கும். அது பாரமா இல்லையா என்று கிராமில் கணக்குப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

நாங்கள் பொலியெஸ்டரில் பெரிய நீள்சதுரத்தையே எடுத்தோம். கயிறுகளோடு 650 கிராம். ஆள் மாறி ஆள் சுமப்பதென்று ஏற்பாடு. மூலைக்குக் கல் வைத்துக் கட்டுவது எப்படியென்று அன்ரியிடம் இரண்டு தரம் செய்துகாட்டச் சொல்லிப் பழகினோம். இரண்டாவது தரம் அவர் முடிச்சைக் கண்ணைக் கொண்டு பார்க்கவேயில்லை. கை தானாகக் கட்டியது.