சாலையில் முடிந்த நகைச்சுவை

1915ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்த ‘நாடோடி’ என்னும் ஊமைப்படம் இரண்டே சுருள் கொண்டது. சார்லி சாப்ளின் எழுதி இயக்கி நடித்தது. அக்காலச் சிரிப்புப் படங்கள் பெரும்பாலும் துரத்தலிலோ உதையிலோ முடிந்தன. இப்படத்திலும் அவற்றிற்குப் பஞ்சமில்லை. முடிவு மட்டும் வேறு.

குடியானவர் ஒருவரின் மகளைத் திருடர்களிடமிருந்து காக்கிறான் நாடோடி. அவள் தந்தையின் பண்ணையிலேயே வேலையும் கிடைக்கிறது. மீண்டும் வந்த திருடர்களை விரட்டுகையில் காலில் குண்டடி படுகிறது. அவள் செய்யும் பணிவிடையைக் காதலென்று எண்ணி மகிழ்கிறான். அந்நேரம் அவளுடைய காதலன் வந்து சேர்கிறான். சிறு கடிதமொன்றை எழுதி வைத்துவிட்டு, நமக்கு முதுகு காட்டிச் சாலையில் நடக்கிறான் நாடோடி. தோள்கள் தொய்ந்திருக்கின்றன. சற்றுத் தொலைவு சென்றதும் உடலை உலுக்கித் துள்ளி விரைகிறான். காட்சி வட்டமாய்ச் சுருங்கி மறைகிறது.

1931 செப்டம்பர் 22 அன்று இலண்டனில் காந்தியடிகளைச் சந்தித்த சாப்ளின், இயந்திரத்தை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று வினவினார். இயந்திரம் இந்தியாவை இங்கிலாந்துக்கு அடிமையாக்கியதை அடிகள் விளக்கினார். 1936இல் வந்த ‘நவீன காலம்’ என்ற முழுநீளப் படத்தில் நாடோடி ஆலைத் தொழிலாளி. ஓயாது திருகாணி முடுக்கிச் சித்தம் கலங்குகிறான், வேலை போகிறது, சிறையும் காண்கிறான். அதன் முடிவும் சாலைதான். ஆனால் இம்முறை அவனுடன் ஓர் ஏழைப் பெண்ணும் நடக்கிறாள்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் முறைவேலை முடிந்து திரும்பும் இளைஞர் கூட்டத்தைக் காணும்போது இவ்விரு முடிவுகளும் நினைவுக்கு வருகின்றன. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பர் முதல் நாள் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அவர்களில் இளம்பெண்கள் பலர். அவர்களும் அச்சாலையில்தான் வீடு திரும்பினர்.

பண்ணையில் நாடோடிக்கு எவரும் தீங்கிழைக்கவில்லை; அப்பெண் அவனுக்கு வாக்குக் கொடுத்தவளும் அல்லள். ஆகவே அவனது துள்ளலைக் கண்டு நாம் மன நிறைவோடு எழுந்து போகலாம். உழைப்பை நம்பி வந்தவர் ஆலை வாயிலை விட்டுப் போகும்போது, ‘இளைஞர்கள்தானே, பிழைத்துக்கொள்வார்கள்’ என்று நாமும் எழுந்துவிடலாமா? இருபத்தோராண்டு கழித்துத் தம் நாடோடிக்குச் சாப்ளின் அளித்தது வேலையன்று, வீடன்று, வழித்துணை. அவ்வளவேனும் நம்மால் இயலாதா?