தூக்குமேடையும் சிலுவையும்

2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி வீடு திரும்பவில்லை. மறுநாள் சடலமாகவே மீட்கப்பட்டாள். வடபகுதியெங்கும் மக்கள் வீதிக்கு இறங்கினர். கொலையாளிகளைத் தூக்கிலிடுக என்ற குரல் ஓங்கி ஒலித்தது. செய்தியாளனாகிய என் நெஞ்சிலும் அன்று அதுவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2017 செப்ரெம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் எழுவருக்கு மரண தண்டனை விதித்தனர். ஆயினும் 1976 யூனுக்குப் பின்னர் இலங்கையில் நீதிமன்றத் தீர்ப்பின்படி எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை.

அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என அறிவித்தார். கொடுங்குற்றம் புரிந்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை என்பது அதன் அடிப்படை. இந்த முடிவுக்குத் திருச்சபை எளிதில் வந்துவிடவில்லை. பல நூற்றாண்டுகள் அது மரண தண்டனையை ஏற்றிருந்தது. வத்திக்கான் சட்டத்திலேயே 1969 வரை அத்தண்டனை இருந்தது.

இயேசுவும் கைதாகி, தீர்ப்பிடப்பட்டுக் கொல்லப்பட்டவரே. சிறையிலிருப்போரைச் சென்று காண்பவர் தம்மையே காண்கிறார் என்று அவர் போதித்தார். அதற்காக, மகளை இழந்த தாயிடம் மன்னிப்பை வேண்டிநிற்கும் உரிமை எமக்கில்லை. குற்றவாளியைச் சிறையிட்டுச் சமூகத்தைக் காப்பது நீதியின் கடமை.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவ்வழக்கில் எதிரிகள் ஒன்பது பேர். இருவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. எம் சினத்தின் கையில் அன்று கயிறு இருந்திருந்தால் அவ்விருவரும் தப்பியிருப்பரா?