வெடிப்பலைத் தாக்கத்தில் கூட்டுப்பொருள் கட்டமைப்புகள்: கணினி மாதிரியாக்கம்

கண்ணாடி இழை, கார்பன் இழை முதலியவற்றைப் பிசினில் பொதித்து அடுக்கடுக்காகச் செய்யப்படுபவை கூட்டுப்பொருள்கள். அருகில் குண்டு வெடித்தால் அவை எவ்வளவு வளையும், எங்கே உடையும், உடைந்த பின் எவ்வளவு வலு மிஞ்சும் என்பவற்றைக் கணினியில் கணித்தறிவது இம்மாதிரியாக்கம். போர்க்கப்பல், விமானச் சரக்குப் பெட்டகம், கவச வாகனம் ஆகியவற்றின் வடிவமைப்பில் இது பயன்படுகிறது.

பின்னணி

காந்தக் கண்ணிவெடிகளிடமிருந்து தப்புவதற்காகப் பிரிட்டன் கண்ணாடி இழையில் கட்டிய எச்.எம்.எஸ். வில்டன் 1973இல் கடற்படையில் சேர்ந்தது. சுவீடனின் விஸ்பி வகைக் கப்பல்களின் உடல், நுரை உள்ளகத்தின் இருபுறமும் கார்பன் இழைத் தகடு ஒட்டிய சாண்ட்விச் அமைப்பாகும். 1988 டிசம்பர் 21 அன்று லாக்கர்பி வானில் பான் ஆம் 103 விமானத்தின் சரக்கறையில் வெடித்த குண்டு 270 உயிர்களைப் பறித்தது. அதன் பின் வெடிப்பைத் தனக்குள் அடக்கும் பெட்டகங்கள் பற்றிய ஆய்வு வேகம் பெற்றது. அலுமினியத் தாளும் கண்ணாடி இழையும் மாறி மாறி அமைந்த கிளேர் என்னும் பொருள் அதில் முக்கிய இடம் பெற்றது.

சுமை

திறந்தவெளியில் வெடிப்பலை வந்து சேர்ந்த கணத்தில் அழுத்தம் உச்சத்துக்குத் தாவி, பின் விரைந்து தணிந்து, சிறிது நேரம் காற்றழுத்தத்துக்கும் கீழே செல்லும். இதை ஃபிரீட்லாண்டர் சமன்பாடு விவரிக்கிறது. ஹாப்கின்சன்–கிரான்ஸ் விதிப்படி, தூரத்தை வெடிபொருள் எடையின் கனமூலத்தால் வகுத்து வரும் அளவு சமமாக இருந்தால் உச்ச அழுத்தமும் சமமாக இருக்கும். எடை 8 மடங்கானால் அதே அழுத்தம் 2 மடங்கு தூரத்தில் உணரப்படும். இந்த அளவை வைத்துக் கிங்கெரியும் புல்மாஷும் 1984இல் தொகுத்த வளைகோடுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பெட்டகம் போன்ற மூடிய இடத்தில் அலை சுவர்களில் பலமுறை எதிரொலிப்பதால் அந்த வளைகோடுகள் போதா. அங்கே வெடிவாயுவையும் காற்றையும் சேர்த்தே மாதிரியில் அமைக்க வேண்டும்.

பொருள்

எஃகு நிரந்தரமாக வளைந்து ஆற்றலை உட்கொள்ளும். கூட்டுப்பொருளுக்கு அந்த இயல்பு மிகக் குறைவு. இழை அறுதல், பிசினில் விரிசல் விழுதல், அடுக்குப் பிரிதல் ஆகிய சேதங்களின் வழியாகவே அது ஆற்றலைச் செலவிடுகிறது. ஹாஷின் 1980இல் வகுத்த அளவுகோல், இழை, பிசின் ஆகிய இரண்டின் முறிவையும் இழுவிசை, அமுக்கவிசை எனத் தனித்தனியே சோதிக்கிறது. அடுக்குகள் பிரிவதைக் காட்ட, அவற்றின் இடையே பசை போலச் செயல்படும் ஒட்டுக் கூறுகள் வைக்கப்படுகின்றன. சுமையின் வேகமும் கணக்கில் வரவேண்டும்: வேகம் கூடும்போது கண்ணாடி இழைப் பொருளின் வலிமை கணிசமாக உயர்கிறது; கார்பன் இழையின் வலிமை இழைத் திசையில் பெரிதாக மாறுவதில்லை.

கணக்கீடு

கட்டமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்து, அவற்றின் இயக்கத்தை மிகச் சிறிய காலப் படிகளில் கணிப்பதே வழக்கம். ஒலியலை மிகச் சிறிய கூறைக் கடக்கும் நேரத்தைவிடக் காலப் படி நீளக் கூடாது. கார்பன் இழைத் திசையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 9,000 மீட்டர். ஆகவே 1 மில்லிமீட்டர் கூறுக்குப் படி ஏறத்தாழ 0.1 மைக்ரோநொடி, 20 மில்லிநொடி நிகழ்வைக் கணிக்க 2 லட்சம் படிகள் தேவை. ஜான் ஹால்கிவிஸ்ட் 1976இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவாக்கிய டைனா3டி இத்தகைய நிரல்களின் முன்னோடி. எல்எஸ்-டைனா அதன் வழிவந்தது.

சரிபார்ப்பு

அதிர்ச்சிக் குழாயிலும் திறந்தவெளியிலும் பலகைகள் சோதிக்கப்படுகின்றன. இரட்டை அதிவேகக் கேமராக்கள் அவற்றின் பின்புற வளைவைப் படம்பிடிக்கின்றன. பலகையை இறுக்கிய விளிம்பு மாதிரியில் சற்றும் அசையாததாக அமைந்தால் விடை பிழைபடும். உண்மையில் போல்ட் துளைகள் நெகிழலாம், கிழியலாம். நடுப்புள்ளியின் வளைவு கணிப்போடு பொருந்துவதும் போதுமான சான்றல்ல. வெளியே கீறலின்றி மீண்ட பலகை உள்ளே அடுக்கு பிரிந்து, அமுக்கவிசை தாங்கும் வலுவைப் பெருமளவு இழந்திருக்கக்கூடும். அதனால் மீயொலி, எக்ஸ்-கதிர்ச் சோதனைகளில் தெரியும் உட்சேதத்தோடும் ஒத்துப்போகும் மாதிரியையே மனித உயிரைக் காக்கும் வடிவமைப்புக்கு நம்பலாம்.