ஒரு இன்ச் இல்லாத ஒரு இன்ச்

2000-க்குப் பிந்தைய பத்து வருடங்களில் பழங்காநத்தம் மாதிரியான மதுரைப் பகுதிகளில் சின்ன டிஜிட்டல் கேமரா வாங்க நினைத்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மெகாபிக்சல்?" நாலை விட ஏழு நல்லது, ஏழை விடப் பத்து. சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவுக்கும் அந்த எண்ணைத்தான் சொல்லியனுப்பினார்கள். அத்தனை பிக்சலும் எவ்வளவு பெரிய சிப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டாலும் கிடைக்கும் பதில் 1/2.5 இன்ச் என்பதாக இருக்கும்.

கணக்குப்படி அது பத்து மில்லிமீட்டர். ஆனால் அந்தச் சென்சாரின் நீளம் 5.8 மி.மீ., உயரம் 4.3 மி.மீ. மூலைக்கு மூலை அளந்தாலும் ஏழைக் கொஞ்சம்தான் தாண்டும். ஒரு துவரம்பருப்பு அளவு! மீதி எங்கே போனது? இந்த இன்ச், 1950-களின் டிவி கேமராக்களில் இருந்த விடிகான் கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டம். குழாய்க்குள் படம் விழும் பரப்பின் மூலைவிட்டம் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் ஒழிந்தது, அளவு மட்டும் ஒட்டிக்கொண்டது. 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இன் 'ஒரு இன்ச்' சென்சாரும் உண்மையில் 13.2க்கு 8.8 மி.மீ.தான். ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் விற்பவர்களுக்கு வசதியான பழக்கம்.

சிசிடியை 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 2009-இல் நோபல் கிடைத்தது. தண்ணி லாரி வந்ததும் வரிசையா நின்னு குடத்தைக் கைமாத்துவோமே, அதே வேலைதான். ஒவ்வொரு பிக்சலும் தன் மின்னூட்டத்தை அடுத்ததிடம் தள்ளும். கடைசியில் ஒரே இடத்தில் அளப்பார்கள். வழியில் சிந்தினால் அந்த வரிசை முழுக்க நனையும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை விடியற்காலையில் அந்தக் கேமராக்களில் வீடியோ எடுத்திருந்தால், ஃபோகஸ் லைட்டின் மேலும் கீழும் செங்குத்தாக ஒரு வெளிச்சக் கோடு ஓடும். அது லென்ஸின் குறை இல்லை.

பிராண்டுச் சண்டையும் பாதி வீண்தான். 2005 அக்டோபரில் கேனான், நிக்கான், ஃபியூஜிஃபில்ம், கோனிகா மினோல்ட்டா எல்லாம் அடுத்தடுத்து இலவச ரிப்பேர் அறிவித்தன. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிசிடி பழுதாகிப் படம் கலங்கியது. எல்லார் பெட்டிக்குள்ளும் இருந்தது சோனி தயாரித்த சிசிடி.

எண்ணை நம்பிய வாடிக்கையாளர் இழந்தது ராத்திரிப் படங்களை. டியூப்லைட் மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் ஃபிளாஷ் எட்டாவிட்டால், சின்னச் சின்னப் பிக்சல்களுக்குக் கிடைப்பது சொட்டு வெளிச்சம். பின்வரிசையில் நிற்கும் பாட்டியின் முகம் வெறும் புள்ளியாகிவிடும். 2006-இல் ஃபியூஜியின் எஃப்30 ஆறு மெகாபிக்சலோடு நின்று, கொஞ்சம் பெரிய சென்சாரால் இருட்டில் நன்றாக எடுத்தது. கேனான் 2008-இல் ஜி10-ஐ 14.7 மெகாபிக்சலில் விட்டு, அடுத்த வருடமே ஜி11-இல் பத்துக்கு இறங்கியது. சென்சார் அளவு மாறவில்லை. கம்பெனியே எண்ணைக் குறைத்தது எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம்.

பிறகு சிமாஸ் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு 1990-களில் வளர்த்தது. குடத்தை விட்டு வீட்டுக்கு வீடு குழாய் போட்ட மாதிரி, ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர். வெளிச்சக் கோடு போயிற்று. ஆனால் வரி வரியாகப் படிப்பதால், சுற்றும் ஃபேன் இறக்கை வளைந்து தெரிய ஆரம்பித்தது.

இப்போது பசங்க பழைய சிசிடி கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள், 'கலர் வேற மாதிரி' என்று. இரண்டுமே சிலிக்கான், நிறத்தைத் தீர்மானிப்பது மேலே ஒட்டிய வடிகட்டியும் உள்ளே ஓடும் மென்பொருளும்தான். சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.