வன்னிக் காடும் வாத நூல்களும்

ஒரு சமயத்தை அதனை ஐயுறுவார் முன்னிலையில் நிலைநாட்டுதல் தமிழுலகுக்குப் புதிய தொழிலன்று. மணிமேகலை சமயக்கணக்கர் பலரிடமும் அவரவர் திறங்கேட்ட வரலாற்றை யாவரும் அறிவர். சிவஞான சித்தியார் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தது. பிறர் கொள்கையை அவர் வாயாற் கூறவேண்டிய முறையிற் கூறி, அதன் பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது அம்மரபு. கிறித்து சமயம் இம்மரபினுட் புகுந்தது மிகப் பிற்காலத்திலேயாம். புகுந்தபோது அது தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களையே நாடுவர். ஆயின், அவ்விடையின் ஒரு பாதி வன்னிக் காட்டினுள் இருக்கின்றது. அதனை ஈண்டு நோக்குவாம்.

1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இலே ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினர். ஆண்டவர் மாறியபோது சமயமும் மாறவேண்டியதாயிற்று. கத்தோலிக்கக் குருமாரை மறைத்து வைப்போர்க்கு மரணதண்டனை என்று ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே கட்டளை பிறப்பித்தனர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கோயில்களாயின. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒரு பாடசாலை நடந்தது. ஞானஸ்நானப் பதிவு இல்லாதவனுக்கு உத்தியோகமில்லை. விவாகப் பதிவு இல்லை. எனவே பதிவேடுகளிற் கிறித்தவர் தொகை பெருகிற்று. விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்த சைவரும் அப்பதிவேட்டிலே கிறித்தவராகவே நின்றனர். எண்ணிக்கையைக் கண்டு சமய வளர்ச்சியை அளக்க முற்படும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் நலம்.

அக்காலத்திலே வன்னி வேறுலகமாயிருந்தது. வன்னிமைகள் யானைகளைத் திறையாகக் கொடுத்தும், சிலபோது கொடாதும், தம் நிலத்தைத் தாமே ஆண்டனர். 1782ஆம் ஆண்டளவிலேதான் ஒல்லாந்தர் படை கொண்டு அந்நிலத்தைத் தம் நேராட்சியின்கீழ்க் கொணர்ந்தனர். நாகல் என்னும் ஒல்லாந்த அதிகாரி அங்கே ஆட்சி நடத்தினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டளை செல்லாத காடாக அது இருந்தமையால், கட்டளைக்கு அஞ்சியோர் அங்கே புகலடைந்தனர். மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, தம் கோயிலில் இருந்த தேவமாதாவின் திருவுருவத்தைச் சுமந்து சென்று, யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைத்த காட்டு வழியிலே சுங்கச்சாவடி ஒன்று இருந்த மருதமடுவில் 1670ஆம் ஆண்டில் அமர்ந்தன என்பது மரபு. குடாநாட்டிலிருந்து ஓடிவந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர் என்பர். இன்றைய நிருவாகப் பிரிவின்படி மடு மன்னார் மாவட்டத்தைச் சார்ந்தது. நிலத்தின் இயல்பாலும் வரலாற்றாலும் அது வன்னியே. வவுனியாவையும் தன்னுள் அடக்கிய மன்னார் மறைமாவட்டம் 1981இல் அமைக்கப்பெற்றதும் இத்தொடர்பினை ஒருவாறு காட்டும்.

இவ்வரலாறு பெரும்பாலும் செவிவழி வந்தது. ஆண்டும் குடும்பத்தொகையும் வழிவழி சொல்லப்படுவன. ஆயினும், ஒல்லாந்தர் அடக்குமுறை ஏட்டிலுள்ளது. வன்னியின் தன்னாட்சி ஏட்டிலுள்ளது. காட்டினுள்ளே கத்தோலிக்கம் அழியாதிருந்தமை பின்வந்தோர் கண்ணாற் கண்டது. இம்மூன்றையும் இணைக்கும் கதையை முற்றும் தள்ளுதற்குக் காரணமில்லை.

அந்த மக்களுக்குக் குருமார் இல்லை; நூலில்லை; வாதிக்கக் கற்றோரும் இல்லை. அவர்களை ஐயுற்றோர் முன் அவர்கள் எவ்வாறு விடையிறுத்தனர்? இடம்பெயர்ந்ததே அவர்களது விடை. இதற்கு நேரான சைவ வரலாறு ஒன்று நம்மவர்க்குத் தெரிந்ததே. போர்த்துக்கேயரின் உணவுக்குப் பசுவைக் கொடுக்கும் முறை தம் வீட்டுக்கு வந்தபோது, திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கிச் சிதம்பரஞ் சேர்ந்தார் என்பது அக்கதை. அவர் பின்னர்ச் சிவஞான சித்தியாருக்கு உரை கண்டார். சிதம்பரத்திலே திருக்குளமும் கண்டார். அவரும் முதலிற் செய்தது வாதமன்று. அடக்கியவர் ஓரிடத்துக் கத்தோலிக்கர், மற்றோரிடத்துக் கத்தோலிக்கரை அடக்கியவர்; அடங்க மறுத்தோர் செயலோ ஒன்றே. இவ்விரு வரலாறுகளையும் ஒரே ஏட்டில் எழுதும் வழக்கம் நம்மிடை இல்லாதது வியப்பே.

குரு இல்லாத கூட்டத்துக்குக் குரு வந்தது கோவாவிலிருந்து. கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் 1651இற் பிறந்தவர்; கொங்கணிப் பிராமணக் குடியினர். 1687இலே கூலியாள் வேடத்தில் இலங்கையை அடைந்தார். ஒல்லாந்தரின் ஆட்சியிலே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்காணும் பொருட்டுக் கழுத்திற் செபமாலை அணிந்து இரந்து திரிந்தார் என்பர். சில்லாலை மக்கள் அவரை ஏற்றனர். பின்பு கண்டி அரசனது நாட்டை நாடி 1692இலே அத்தலைநகருக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டினாற் சிறைப்பட்டார். அக்குற்றத்தைச் சாட்டியவர் கண்டியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், கால்வினிய சமயத்தவர். ஆகவே வாஸ் அடிகளாரை முதன்முதல் ஐயுற்றவர் பௌத்தரல்லர், சைவருமல்லர். வேறு சபையைச் சார்ந்த கிறித்தவரே.

அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். அவனுடைய ஐயத்தை நீக்கியது எது? 1697இலே கண்டியில் அம்மைநோய் பரவியது. அரசனும் குடிகளும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோர் காட்டில் விடப்பட்டனர். வாஸ் அடிகளாரும் அவர் மருகரான குரு ஒருவரும் எஞ்சி நின்று, சாதி சமயம் பாராது நோயாளரைப் பேணினர், இறந்தோரை அடக்கினர். அதன் பின்னர் அவர்க்கு அந்நாட்டிலே தடையிருக்கவில்லை. அரசன் கிறித்தவனாகவில்லை என்பதனையும் சேர்த்தே சொல்லவேண்டும். அடிகளார் 1711 சனவரி 16இற் கண்டியிலே காலமானார்.

அவர் மரணத்துக்கு ஆறாண்டு முன்னர், 1705இலே, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். இவரும் கோவையரே. வாஸ் கையாற் செய்ததை இவர் எழுத்தாணியாற் செய்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் உரைநடையும் பாட்டும் இயற்றினார். புத்த சமயத்தையும் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சமயத்தையும் மறுத்து வாத நூல்கள் செய்தார். ஒல்லாந்தருக்கு அச்சியந்திரம் இருந்தது. இவருக்கு ஏடும் ஏடெழுதுவோரும் மாத்திரமே. ஆயினும், அவருடைய வாத நூல்களை இன்று ஆராய்ச்சியாளரன்றிப் பிறர் தொடுவதில்லை. வியாகுல பிரசங்கமோ, தபசு காலத்திலே வடபகுதிக் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருவது. கிறித்துவின் பாடுகளைச் சொல்லும் அந்நூல் யாரையும் மறுப்பதில்லை.

எதிர்த் தரப்பிலும் வல்லார் இருந்தனர். ஒல்லாந்த சபையின் தமிழ்க் குருவான பிலிப்பு தெ மெல்லோ 1753இலே சத்தியத்தின் செயம் என்னும் நூலைக் கத்தோலிக்கருக்கு எதிராக இயற்றினார். புதிய ஏற்பாட்டைத் திருத்தி அச்சிட உழைத்தவரும் அவரே. அவர் தமிழ் சிறந்தது, புலமையும் பெரிது. எனினும் 1796இலே ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்ததும், யாழ்ப்பாணத்துச் சீர்திருத்தச் சபை வெயிற்பனி போலாயிற்று. பதிவேட்டிலிருந்த கிறித்தவர் பலர் கோயிலுக்குத் திரும்பினர், தேவாலயங்கள் பாழடைந்தன. அரசின் துணை பெற்ற சமயம் அரசோடு போயிற்று. காட்டுக்கு ஓடிய சமயம் நின்றது.

இதனால் நிலைத்ததே உண்மை என்று முடிவு செய்தல் பொருந்தாது. நிலைத்து நிற்றல் ஒரு கொள்கையின் மீது மக்கள் வைத்த பற்றினைக் காட்டுமேயன்றி, அக்கொள்கையின் மெய்ம்மையை நிறுவாது. அவ்வாறு நிறுவுமாயின், சைவமும் அதே சான்றினாலே நிறுவப்படும், பௌத்தமும் நிறுவப்படும். கிறித்தவ நூலாசிரியர் சிலரும் நம்மவர் சிலரும் இவ்விடத்தில் ஒரேவகையாக வழுக்குவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை வேறு. 1816இல் வந்த அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவியது. கிறித்து சமயத்தின் வாயிலாக அவர்கள் கண்டது மேனாட்டு அறிவியல். பஞ்சாங்கம் பிழைக்கும், தூரதிருட்டிக் கண்ணாடி பிழைக்காது என்று காட்டினால், புராணத்தின் மீதுள்ள நம்பிக்கை தளரும். பின்னர் வேதாகமம் தானே ஏறும் என்பது டானியல் பூவர் முதலியோர் எண்ணம். 1829 மார்ச்சிலே நிகழ்ந்த சந்திரகிரகணத்தை முன்னிட்டு அராலி விசுவநாத சாத்திரியாரின் கணிதத்தோடு செமினறியின் கணிதம் ஒப்பிடப்பட்டது இந்நோக்கத்தினாலேயே. 1841 சனவரியில் உதயதாரகைப் பத்திரிகை தொடங்கிற்று. ஆனால், ஐயுறக் கற்றவன் ஓரிடத்தோடு நிற்பானா? மேருமலையை அளந்த கோல் ஆதியாகமத்தையும் அளக்குமன்றோ. வாளைக் கொடுத்தவர் அதன் இரண்டாம் முனையை எண்ணவில்லை.

அம்முனையைக் கையாண்டவர் பலர். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயர் ஞானக்கும்மியும் யேசுமத பரிகாரமும் பாடினார். நீர்வேலிச் சங்கர பண்டிதர் கண்டன நூல் எழுதினார். யாவரினும் முன்னிற்பவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து வேதாகமத் தமிழாக்கத்திற் பங்குகொண்டமையால், அந்நூலை அவர் அறிந்தவாறு அக்காலக் கிறித்தவருட் பலரும் அறிந்திலர். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலே, திருக்கோயில், அபிடேகம், தூபதீபம், நிவேதனம், தீட்டு ஆகியவற்றை நகைத்த பாதிரிமாருக்கு, எருசலேம் தேவாலயக் கிரியைகளைப் பழைய ஏற்பாட்டினின்றே எடுத்துக் காட்டினார். கிறித்தவர் தரப்பின் விடை, அக்கிரியைகள் வரவிருந்த கிறித்துவின் நிழல்கள், அவர் வந்தபின் ஒழிந்தன என்பதாம். அது வலிமையற்ற விடையன்று. ஆயினும், கிரியை என்பதே பேதைமை என்று முன்னர்க் கூறியதோடு அது இயையாது. 1857இலே கறோல் விசுவநாதபிள்ளை சுப்பிரதீபத்தை எழுதி நாவலரை மறுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளையும் மிசனிற் கற்றவரே. பின்னர்ச் சைவத்துக்கு மீண்டார். இந்த வாதங்களை யங் என்பாரும் செபநேசன் அவர்களும் 1995இலே ஆங்கிலத்தில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். நம் மாணவர் அதனை ஒருமுறையேனும் புரட்டல் வேண்டும். இந்துக் கல்லூரிகள் யாவும் அவ்வாதத்தின் பிள்ளைகளேயாதலின்.

அவ்வாதத்திலே வன்னிக்கு இடமில்லை. காய்ச்சலுக்கும் யானைக்கும் நடுவே குளக்கட்டைக் காத்து நெல் விளைத்த வன்னி மக்களிடம் வாத நூல் செல்லவில்லை. சென்றாலும் வாசிப்பார் அரியர். வற்றாப்பளையிலே கண்ணகையம்மனுக்கு வைகாசியிற் பொங்கலிட்டு, உப்புநீரில் விளக்கெரிக்கும் அடியாரைச் சீர்திருத்தச் சபையார் அஞ்ஞானிகள் என்றனர். அவ்வடியார்க்காக நாவலரேனும் பேசினாரா? 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையிலே கண்ணகி வழிபாட்டை, சமண வணிகக் குலத்துப் பெண்ணை வணங்குதல் என்று கடிந்தார். ஆகமத்தை நிலைநாட்ட எழுந்தவர் ஆகமத்துக்குப் புறம்பானதைக் காக்கமாட்டார்; அது அவர் நெறிக்கு ஒத்ததே. ஆயினும், வற்றாப்பளை அடியாருக்கும் மடுவின் அடியாருக்கும் பொதுவான ஒன்று இங்கே தெரிகின்றது. இரு திறத்தாரையும் நூல் வல்லார் காக்கவில்லை. வற்றாப்பளைப் பொங்கல் இன்றும் நடைபெறுகின்றது.

வாதமும் பற்றும் ஒருங்கே வாய்த்த ஒருவரைக் கூறாதுவிடல் தகாது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1875இல் மானிப்பாயிலே சைவக் குடும்பத்திற் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி 1947இல் மறைந்தார். பெயர் ஒற்றுமையால் திருநெல்வேலி முனிவரை நினைப்பூட்டுபவர். சைவத்தை மறுத்து அவர் எழுதிய சிறு நூல்கள் பல நம்மவரைப் புண்படுத்தின. அதனை மறைத்தல் வேண்டா. ஆனால், யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திலும் சொற்பிறப்பு அகராதியிலும் அவர் உழைத்த உழைப்பைச் சைவப் பண்டிதரும் போற்றினர். மறுபுறத்தே சேர் பொன்னம்பலம் இராமநாதன் மத்தேயு, யோவான் என்பார் சுவிசேடங்களுக்குச் சித்தாந்த நோக்கில் ஆங்கிலத்தில் விருத்தியுரை எழுதினார். தம் சமயத்தினின்று சிறிதும் வழுவாமல் பிறர் நூலுக்கு உரை காணத் துணிந்த அம்முயற்சிக்குப் பின்வந்தோர் எவரும் இல்லாமை நம் இழப்பாகும்.

மடுவுக்குத் திரும்புவோம். 1924 யூலை 2ஆம் நாள் மடுமாதாவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. போர்க்காலத்தில் அவ்வளாகம் பல்லாயிரம் அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. சைவரும் அவருள் அடங்குவர். 1999 நவம்பரிலே எறிகணை வீழ்ந்து அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் இறந்தனர். 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது குருமார் திருவுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர்; அவ்வாண்டிலேயே அது மடுவுக்கு மீண்டது. மாந்தையினின்று சுமக்கப்பட்ட உருவம் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் பின் மறுபடியும் சுமக்கப்பட்டது. 2015 சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிசு கொழும்பிலே வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டமளித்து, அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்று வழிபட்டார்.

பாப்பரசர் வந்த நாளிலன்றி ஏனைய நாள்களிலும் அங்கே செல்வோருட் சைவர் பலர். அவர்கள் மடுவின் மண்ணை முடிந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவர். பாம்புக்கடிக்கு அது காவலென்பது வன்னி மக்கள் நம்பிக்கை. பூவர் பாதிரியார் அதனை மறுத்திருப்பார், நாவலரும் மறுத்திருப்பார். முல்லைத்தீவிலிருந்து வற்றாப்பளைக்கு நேர்த்தி வைத்த அதே குடும்பம் ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்கும் வண்டி கட்டியதுண்டு.