மாத்தளை மலைச்சாரல் மண்ணும் அதன் வரலாறும்

ஒரு நாட்டின் பழமையை ஆராய்வோர் கல்வெட்டையும் ஏட்டையும் நாணயத்தையும் துணைக்கொள்வர். அவை யாவற்றினும் முதுமை வாய்ந்த சான்று மக்கள் நாளும் மிதித்துச் செல்லும் மண்ணேயாகும். அலுவிகாரையாலும் தம்புள்ளைக் குகைகளாலும் சீகிரியாவாலும் புகழ்பெற்ற மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை அதன் மண்ணை விடுத்து முற்றாக உணர்தல் இயலாது. காட்டை அழித்தவர், கோப்பி நட்டவர், கடல் கடந்து வந்து உழைத்தவர் ஆகிய அனைவரின் செயலும் அம்மண்ணிற் பதிந்துள்ளன.

மண் என்பது பாறையின் தூள் மாத்திரமன்று. காலநிலை, உயிரினம், தாய்ப்பாறை, நிலத்தின் சாய்வு, காலம் ஆகிய ஐந்தும் கூடியே மண்ணை ஆக்குகின்றன என்னும் கொள்கையை இரசிய அறிஞர் தொக்குச்சாயெவ் நிலைநாட்டினார். அந்நாட்டுக் கருமண்ணைப் பற்றிய அவரது பெருநூல் 1883 இல் வெளிவந்தது. இக்கொள்கையின் வழி நோக்கின், உலகின் இருவேறு நிலங்கள் எத்துணை வேறுபட்ட செல்வங்களை உடையன என்பது புலனாகும்.

வட அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளி மேட்டுநிலத்தை முதற்கண் நோக்குவோம். இறுதிப் பனிக்கட்டிக் காலத்திலே பெரும் பனித்தகடுகள் அந்நிலத்தின்மீது ஊர்ந்து பாறைகளை அரைத்தன. ஏறத்தாழ 10,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் அவை உருகிப் பின்வாங்கியபோது, களியும் மணலும் கல்லும் கலந்த ஒரு படையை விட்டுச் சென்றன. இதனை அறைபாறைக்களி என்பர். புதிதாக அரைக்கப்பட்ட இப்படையில் சுண்ணாம்பு முதலிய தாவர உணவுகள் மலிந்திருந்தன. அதன்மேல் வளர்ந்த புற்களின் வேர்கள் ஆண்டுதோறும் மடிந்து உக்கி, மண்ணை ஆழம்வரை கருநிறமாக்கின. ஆகவே பிரேரி மண்ணின் வளம் அதன் ஆழத்தில் உள்ளது.

மாத்தளை மண்ணின் பிறப்பு இதற்கு முற்றும் மாறானது. பனித்தகடு எதுவும் அதன் பாறைகளை அரைக்கவில்லை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட உருமாறிய பாறைகள், நின்ற இடத்திலேயே வெப்பத்தாலும் மழையாலும் சிதைந்து மண்ணாயின. சார்னொக்கைட்டு, குவாட்சைட்டு, பளிங்குச் சுண்ணக்கல் முதலியன இங்குத் தாய்ப்பாறைகளாக உள்ளன. நெடுங்காலம் பெய்த மழை கரையத்தக்க உணவுகளைக் கழுவிச் செல்ல, கயோலினைட்டுக் களியும் இரும்பொட்சைட்டும் எஞ்சின. மலைச்சாரலின் செந்நிறம் அவ்விரும்பின் நிறமே. ஆதலின் இந்நிலத்தின் வளத்திற் பெரும்பங்கு மேலே கிடக்கும் மெல்லிய உக்கற் படையிலும், அதனை நாடோறும் புதுப்பிக்கும் மரஞ்செடிகளிலுமே தங்கியுள்ளது.

1961 இல் மூர்மன், பானபொக்கை என்னும் இருவரும் இலங்கை மண்களை வகுத்து வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். அவ்வகுப்பின்படி மாத்தளையின் தென்பாதியாகிய இடைமலைநாட்டில் செங்கபில லற்றோசொலிக் மண்ணும், செங்குத்தான சாய்வுகளில் முதிர்ச்சியடையாத கபில ஈரக்களி மண்ணும் காணப்படும். தம்புள்ளை, கலேவெல முதலிய வடபகுதி உலர்வலயத்தைச் சேர்ந்தது. அங்கே செங்கபில மண் மேட்டிலும், நீர் தேங்கும் உக்கல் குறைந்த மண் பள்ளத்திலும் அமைந்துள்ளன. காய்ந்தால் இறுகியும் நனைந்தால் ஒட்டியும் நிற்கும் அம்மேட்டு மண்ணை உணர்ந்தே, முன்னோர் பள்ளத்தில் வயலும் அதற்கு மேலே குளமும் அமைத்தனர்.

மலைப்பகுதிக் கிராமத்தாரும் மண்ணின் இயல்பை அனுபவத்தால் அறிந்திருந்தனர். பள்ளத்தாக்கில் நெல் வயல், வீட்டைச் சுற்றிப் பலவகை மரங்கள் செறிந்த தோட்டம், மேலே காடு என அவர்கள் நிலத்தை வகுத்தனர். பலா, கமுகு, தென்னை, மிளகு முதலியன அடுக்கடுக்காக வளரும் அத்தோட்டம் ஒரு சிறு காட்டையே ஒக்கும். மழைத்துளி இலையில் விழுந்து வேகம் தணிந்து நிலத்தை அடைந்தது. உதிர்ந்த சருகு உரமாயிற்று. சேனைப் பயிர் செய்தோரும் ஓரிரு போகத்தின்பின் நிலத்தை ஆண்டுக்கணக்கில் ஓய விட்டனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வொழுங்கு குலைந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழி வகுத்தது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டக்காரர் கைக்கு மாறின. 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயினும், நிலம் பறிபோன மனக்கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது. தம்புள்ளையில் முடிசூடிய கொங்காலேகொட பண்டாவும், சுட்டுக் கொல்லப்பட்ட புரன் அப்புவும் அக்கிளர்ச்சியின் தலைவராவர்.

தோட்டக்காரர் செய்த பெரும்பிழை ஒன்றுண்டு. வானளாவிய மரங்களைக் கண்டு, அவற்றின் அடியிலுள்ள மண்ணும் அத்துணை வளமுடையதென அவர்கள் எண்ணினர். மரங்கள் தம் உணவைத் தம் சருகிலிருந்தே மீளப் பெற்றன என்பதை அவர்கள் கருதவில்லை. காடு வெட்டி எரிக்கப்பட்டது. சாம்பலின் வளத்தால் முதற்சில ஆண்டுகள் கோப்பி செழித்தது. பின்னர் விளைவு குன்றவே, எருவை வெளியிலிருந்து கொணர வேண்டியதாயிற்று.

இதனினும் கொடிது களையொழிப்பு முறையாகும். நிலத்தில் ஒரு புல்லும் தெரியாதவாறு சுரண்டியாற் செதுக்கி வைத்தலே நல்ல தோட்டத்தின் இலக்கணமெனத் துரைமார் கருதினர். செதுக்கப்பட்ட மண் தளர்ந்து கிடக்க, வடகீழ்ப் பருவ மழையின் வெள்ளம் அதனை வாரிச் சென்றது. சுது கங்கையும் அம்பன் கங்கையும் செந்நீராய் ஓடின. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் தேவை. அதனை இழப்பதற்குச் சில பருவங்களே போதும்.

இவ்வுழைப்பிற்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தா ஊடாக மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையில் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயம் அம்மக்களின் பக்திக்குச் சான்றாக விளங்குகிறது. மண்ணைச் செதுக்கும் கட்டளை துரையினுடையது. செதுக்கிய கை அவர்களுடையது. அம்மண் அரிக்கப்படாமல் இருக்கக் கான் வெட்டியதும் கல்லணை அடுக்கியதும் அதே கைகளே. அம்மண்ணில் ஓர் அடிக்கும் அவர்கள் உரிமையுடையராகவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராகவும் ஆக்கியது.

1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை, இறப்பர், கொக்கோ ஆகியன அதனிடத்தைப் பெற்றன. 1880 இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது. பயிர் மாறினும் களை செதுக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காத்தல் வேண்டுமெனத் தாவரவியலறிஞர் யோசப் ஊக்கர் 1873 இல் வற்புறுத்தினார். மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. அதே பத்தாண்டில் ஆழ்ந்த வளமுடைய அமெரிக்கப் புல்வெளியும், அளவின்றி உழப்பட்டமையால், புழுதிப் புயலுக்கு இரையாயிற்று. ஆழமான மண்ணுக்கே அந்நிலையெனின், மெல்லிய மேற்படையை நம்பிய மலைச்சாரலின் நிலை கூற வேண்டுவதின்று. இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல் நிறைவேறி, 1996 இல் திருத்தப்பட்டது. நக்கிள்ஸ் மலைக்காடு உள்ளிட்ட மத்திய மலைநாடு 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

மலையில் இழக்கப்படும் மண் மலையோடு நிற்பதில்லை. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் உக்குவளை வழியாகச் சுது கங்கையிற் சேர்ந்து போவத்தென்னைக்குச் சென்று, உலர்வலய வயல்களுக்குப் பாய்கின்றது. மேட்டிலிருந்து அரிக்கப்படும் மண் அணைகளிற் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஆகவே மலைத்தோட்டத்தின் கவனக்குறைவு சமவெளி உழவனின் நீரைக் குறைப்பதாகும்.

உயிருக்கு நேரும் இடர் இதனினும் பெரிது. சிதைந்த பாறையின் தடித்த படை நீரால் நிறைந்து கனக்கும்போது சாய்விலே சரிகின்றது. பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று தோட்ட லயன்கள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையால் மாத்தளை மாவட்டத்திலும் அயல் மலை மாவட்டங்களிலும் மண் சரிந்து உயிர்கள் மடிந்தன. பெருமழையைத் தடுத்தல் மனிதரால் இயலாது. எச்சாய்வில் குடியிருத்தல் தகும், எதனைக் காடாக விடுதல் தகும் என்பதைத் தீர்மானித்தல் அவர்களால் இயலும். சாய்வின் அடியில் வாழ்வோர் பெரும்பாலும் அவ்விடத்தைத் தாமே தெரிந்தவரல்லர் என்பதையும் மறத்தலாகாது.

மாத்தளை மண்ணுக்குரிய பரிகாரம் புதிதன்று. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் பலாவின் நிழலில் வளரும் பழைய வீட்டுத்தோட்டமே, இம்மண்ணின் இயல்புக்கு ஒத்த முறையென இக்காலத்து அறிவியலும் ஒப்புகின்றது. சமவுயர வரிசையில் வேலிமரம் நட்டு, அதன் தழையை நிலத்திற் பரப்புதலும் அதன் வழிப்பட்டதே. அதனைச் செய்வோருக்கு அந்நிலத்தில் நிலையான உரிமை இருத்தலும் இன்றியமையாதது. நாளை தனதல்லாத நிலத்துக்கு இன்று மரம் நடுவார் அரியர். மண்ணைக் காத்தலும் அம்மண்ணில் உழைப்போரின் உரிமையைக் காத்தலும் ஒரே கடமையின் இரு கூறுகளாம்.